பிரேக் பிடித்து ஜெயித்த மார்க் டோனஹ்யூ

ஒரு காரை வேகமாக்கணும்னா முதல்ல எதை மாத்துவீங்க?

கேன்டீன்ல உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. பத்துல எட்டு பேர் இன்ஜின் பக்கம்தான் போவாங்க. டர்போ, எக்ஸாஸ்ட், ஈசியூ ரீமேப். மீதி ரெண்டு பேர் டயர்னு சொல்வாங்க. பிரேக்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கியர் லிவர்னு சொன்னா சிரிச்சிடுவாங்க.

இந்தக் கட்டுரையில் நீங்கள் சந்திக்கப்போகும் மனிதரை, 1,100 குதிரைத்திறன் கொண்ட போர்ஷே 917/30 காரை ஓட்டியவர் என்றுதான் ரேஸ் ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் காருக்கு வருவதற்கு முன்னும், வந்த பிறகும், அவர் ஜெயித்த ரேஸ்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், நிறைய இடத்தில் பிரேக்தான் கையில் வரும். பெயர் மார்க் டோனஹ்யூ. அமெரிக்கர். முக்கியமா, நம்ம ஆளு. அதாவது மெக்கானிக்கல் இன்ஜினியர்.

1937 மார்ச் 18-ல் நியூ ஜெர்சியில் பிறந்தார். பிரவுன் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்து 1959-ல் முடித்தார். படிக்கும்போதே ஒரு 1957 மாடல் கார்வெட் கையில் இருந்தது. 22 வயதில் அதைக் கொண்டுபோய் ஒரு மலையேற்றப் போட்டியில் ஓட்டினார், ஜெயித்தார். அதற்குப் பிறகு கதை நமக்குத் தெரிந்ததுதான்: வாரநாளில் வேலை, வார இறுதியில் ரேஸ். 1961-ல் எல்வா கூரியர் என்ற சின்ன கார் ஒன்றில் அமெச்சூர் தேசிய சாம்பியன் ஆனார். பார்க்க ரேஸ் டிரைவர் மாதிரியே இருக்க மாட்டார். குண்டு முகம், ஒட்ட வெட்டிய முடி, அமைதியான பேச்சு. பத்திரிகைக்காரர்கள் அவருக்கு ஒரு டிவி தொடரின் பெயரை எடுத்து 'கேப்டன் நைஸ்' என்று பட்டம் வைத்தார்கள்.

வால்ட் ஹேன்ஸ்கன் என்ற அனுபவசாலி டிரைவர்தான் இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்தவர். 1966 தொடக்கத்தில் ஃபோர்டின் பெரிய கார்களில் டேடோனா, சீப்ரிங் இரண்டு நெடுநேர ரேஸ்களிலும் தன்னுடன் ஜோடியாக ஓட்டவைத்தார். அதே ஏப்ரலில், பிரான்சில் லெ மான் சோதனை ஓட்டத்தில், மழையில் ஹேன்ஸ்கனின் கார் தடம் விட்டுப் போய் மோதியது. சில நாட்களில் இறந்துபோனார். அவருடைய இறுதிச் சடங்குக்கு வந்த ரோஜர் பென்ஸ்கி, அங்கேதான் டோனஹ்யூவைத் தன் புது ரேஸ் டீமுக்குக் கூப்பிட்டார். எப்படிப்பட்ட இடத்தில் வந்த வேலை என்று யோசித்துப் பாருங்கள். டோனஹ்யூ சரி என்றார். பென்ஸ்கிக்காக ஓட்டிய முதல் ரேஸிலேயே காரைச் சுத்தமாக நாசம் பண்ணினார். பென்ஸ்கி அவரை விரட்டவில்லை, வேறு கார் கொடுத்தார்.

இனிதான் நம்ம சப்ஜெக்ட்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் டிரான்ஸ்-ஆம் என்று ஒரு ரேஸ் தொடர் ஆரம்பித்திருந்தது. ஷோரூமில் விற்கிற காரைத்தான் கொண்டுவர வேண்டும், இன்ஜின் ஐந்து லிட்டருக்குள் இருக்க வேண்டும். இதற்காகவே ஷெவர்லே நிறுவனம் கேமரோ Z/28 என்ற மாடலை 302 கன அங்குல இன்ஜினோடு வெளியிட்டது. அதாவது 4.9 லிட்டர் சொச்சம். இன்ஜின் பிரமாதம். ஆனால் ரோட்டுக்கு வந்த காரில் முன்னால்தான் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம்.

டிரம் பிரேக்குக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. சூடானால் டிரம் விரியும். ஷூ உள்ளேயிருந்து வெளியே தள்ளுகிறது, டிரம்மோ ஷூவை விட்டு விலகிப் போகிறது. பெடலை இன்னும் கீழே மிதிக்க வேண்டியிருக்கும். டிஸ்க் அப்படி இல்லை. பேட் இரண்டு பக்கமும் இருந்து கவ்வுகிறது, தட்டு சூட்டில் தடித்தால் பேடை நோக்கித்தான் வரும். மேலும் அது காற்றில் திறந்து கிடக்கிறது, சீக்கிரம் ஆறும்.

எவ்வளவு சூடுன்னு ஒரு கணக்குப் போடலாமா? காரின் எடை 1,270 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 240 கிலோமீட்டரில் வந்து, ஒரு வளைவுக்காக 80-க்கு இறக்குகிறீர்கள். அரை எம் வி ஸ்கொயர், பிளஸ் டூ ஃபார்முலாதான். சுமார் 25 லட்சம் ஜூல் வரும். முப்பது டிகிரி தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோனால், எட்டு லிட்டருக்கு மேல் கொதிக்கவைக்கிற வெப்பம். இது ஒரே ஒரு வளைவுக்கு, சில விநாடிகளில். அடுத்த வளைவில் மறுபடி. ஒரு லேப்பில் இப்படி நாலைந்து வளைவு, ஒரு ரேஸில் நூறு லேப். இந்தச் சூட்டை எங்கே அனுப்புவது என்பதுதான் பிரேக் டிசைன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

டிஸ்க் மாட்டினால் மட்டும் பிரச்சினை தீராது. பேட் சூடானால் அதன் பிடிப்பு குறையும். இன்னும் சூடானால் காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயில் கொதிக்கும். ஆயில் நசுங்காது, ஆவி நசுங்கும். பெடல் தரை வரைக்கும் போகும், கார் நிற்காது. இது ரேஸ் காருக்கு மட்டும் வருகிற பிரச்சினை என்று நினைக்காதீர்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது விதி. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு அந்த அளவு 155 வரை இறங்கலாம். சிவப்பு பெயின்ட் அடித்த பெரிய காலிப்பருக்குக் காசு சேர்க்கிற நண்பர்கள், முதலில் பழைய ஆயிலை மாற்றுங்கள். அடுத்து பேட். காலிப்பர் ஓடிப்போகாது.

1967 சீசன் முழுக்க டோனஹ்யூ காரோடு மல்லுக்கட்டினார். மூன்று ரேஸ்தான் ஜெயித்தார்கள், அதுவும் பின்பாதியில். டோனஹ்யூவின் வழக்கம் என்னவென்றால், கார் சரியில்லை என்று சொல்லிவிட்டு டீக்குடிக்கப் போக மாட்டார். எந்த இடத்தில், எவ்வளவு, ஏன் என்று மூன்றுக்கும் பதில் வேண்டும். அதற்காக ஸ்கிட்பேட் என்ற வெட்டவெளித் தார்த்தளத்துக்குப் போவார். தெரிந்த ஆரமுள்ள ஒரு வட்டத்தை வரைந்து, அதன்மேல் கார் வழுக்கும் எல்லை வரைக்கும் சுற்றி, ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று குறிப்பார். வி ஸ்கொயர் பை ஆர். பக்கவாட்டுப் பிடிப்பு எண்ணாகக் கைக்கு வந்துவிடும். ஸ்பிரிங்கை மாற்றி மறுபடி சுற்று. ஆன்ட்டி-ரோல் பாரை மாற்றி மறுபடி சுற்று. பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். சலிப்பான வேலை, ஆனால் அன்றைக்கு ரேஸ் டிரைவர்களில் பெரும்பாலோர் இருக்கையில் உட்கார்ந்த உணர்வை வைத்துத்தான் காரைச் சரி செய்துகொண்டிருந்தார்கள்.

பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் அவர் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தார். டயருக்கு இருக்கிற பிடிப்பு, ஹாஸ்டல்ல உங்க கையில இருக்கிற மாசக் காசு மாதிரி. மொத்தத்தையும் பிரேக்குக்கே செலவழிச்சா, திரும்பறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. கார் நேராகப் போய் வேலியில் முட்டும். மொத்தமும் திரும்பறதுக்கே போனா, பிரேக்கைத் தொட முடியாது. நல்ல டிரைவர் வளைவுக்குள் நுழைய நுழைய பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மிச்சமாகிற பிடிப்பை ஸ்டீயரிங்குக்கு மாற்றுவார். எந்த நொடியிலும் கையில் காசு சும்மா கிடக்கக் கூடாது. இதை ஒரு வட்டமாக வரைவது இன்றைக்கு வெஹிக்கிள் டைனமிக்ஸ் புத்தகம் எல்லாவற்றிலும் இருக்கிறது. டோனஹ்யூ அதை வாரா வாரம் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1968 மார்ச். சீப்ரிங் 12 மணி நேர ரேஸ். ஃப்ளோரிடாவின் பழைய விமானத் தளத்தில், கரடுமுரடான கான்கிரீட்டில் ஓட்ட வேண்டும். பிரேக் பேட் பன்னிரண்டு மணி நேரம் தாங்காது, நடுவில் மாற்றியே ஆக வேண்டும். நீங்கள் பைக்கில் பேட் மாற்றியிருந்தால் தெரியும், பழையதைக் கழற்றுவது சுலபம். தேய்ந்த பேடுக்காக வெளியே வந்திருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் தடிமனான புதுப் பேட் நுழையும். அதுதான் கஷ்டம். அங்கே நான்கு சக்கரம், ஒவ்வொரு காலிப்பரிலும் நான்கு பிஸ்டன், தொட்டால் கை வெந்துவிடும் சூடு.

பென்ஸ்கி டீம் என்ன செய்தது தெரியுமா? ஓடுகிற பெட்ரோல் இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டில் எப்போதும் வெற்றிடம் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாயை எடுத்து பிரேக் ஆயில் பக்கம் இணைத்தார்கள். வால்வைத் திருப்பினால் இன்ஜினே ஆயிலைப் பின்னால் உறிஞ்சும், பிஸ்டன்கள் தாமாக உள்ளே போய்விடும், மெக்கானிக் பழைய பேடை உருவிப் புதியதைச் சொருக வேண்டியதுதான். மற்ற டீம்கள் ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பிக்கொண்டிருந்த வேளையில் கேமரோ பிட்டை விட்டுக் கிளம்பிவிட்டது. அன்றைக்கு முதல் இரண்டு இடமும் போர்ஷேயின் அசல் ரேஸ் கார்களுக்கு. மூன்றாவது இடம் டோனஹ்யூவின் கேமரோ, நான்காவது அதே டீமின் இன்னொரு கேமரோ. ஷோரூம் காரை வைத்து!

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த ஐடியாவில் புது அறிவியல் எதுவுமே இல்லை என்பது. மேனிஃபோல்ட் வெற்றிடம் எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். பேட் மாற்றுவதில் எந்த வேலைக்கு நேரம் போகிறது என்று உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

அந்த ஆண்டு டிரான்ஸ்-ஆமில் 13 ரேஸ்களில் 10-ஐ டோனஹ்யூ ஜெயித்தார். சாம்பியன்ஷிப் ஷெவர்லேக்குப் போனது. 1969-லும் அதேதான். அந்த வருடம் ஷெவர்லே, ரோட்டுக் கேமரோவுக்கும் நான்கு சக்கர டிஸ்க்கை ஒரு ஆப்ஷனாக விற்றது. கார்வெட்டின் காலிப்பர்கள். விலை அதிகம், வெறும் 206 கார்கள்தான் அப்படிப் போயின. விற்பனைப் பட்டியலில் இருந்தால்தான் ரேஸில் மாட்ட முடியும், அதற்காகத்தான் அந்த ஆப்ஷனே.

கியர் லிவருக்கு வருவோம். 1960-களின் இந்த நான்கு கியர் கார்களில் லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கம்பிகள். ஒவ்வொரு மூட்டிலும் புஷ். புஷ் தேய்ந்தாலோ, லிவரைத் தாங்கும் பிராக்கெட் வளைந்து கொடுத்தாலோ, கை ஒரு இடத்தில் நிற்கும், கியர் வேறு இடத்தில் நிற்கும். ரோட்டில் இது எரிச்சல், அவ்வளவுதான். ரேஸில், முழு வேகத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்கும்போது லிவர் தவறிப்போய் முதல் கியர் விழுந்தால், சக்கரம் இன்ஜினைப் பிடித்துச் சுழற்றும். வால்வு பிஸ்டனில் முட்டும், அன்றைய ரேஸ் அங்கேயே முடிந்தது. அதனால்தான் அன்றைய அமெரிக்க இளைஞர்கள் கார் வாங்கியதும் கம்பெனி ஷிஃப்டரைக் கழற்றிவிட்டு, ஹர்ஸ்ட் நிறுவனத்தின் கனமான, ஆட்டமில்லாத ஷிஃப்டரை மாட்டினார்கள். 1969-ல் கேமரோவுக்கு ஹர்ஸ்ட் ஷிஃப்டர் ஃபேக்டரியிலிருந்தே வர ஆரம்பித்தது. லிவரின் நீளம் குறைந்தால் கை நகரும் தூரம் குறையும், ஆனால் தள்ள அதிகப் பலம் வேண்டும். நெம்புகோல் கணக்கு, ஏமாற்ற முடியாது. கடையில் ஷார்ட் ஷிஃப்டர் வாங்கும் முன் பழைய புஷ்களை மாற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

பிரேக்கும் கியரும் ஒரே காலில் சந்திக்கும் இடமும் உண்டு. வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில், பாதத்தின் ஓரமோ குதிகாலோ ஆக்ஸிலரேட்டரில். பிரேக் அழுத்தம் குறையாமல் இன்ஜினுக்கு ஒரு தட்டு கொடுத்து வேகத்தைச் சமப்படுத்திவிட்டு கியரை இறக்க வேண்டும். தட்டாமல் கிளட்ச்சை விட்டால் பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொள்ளும். முன்னே சொன்ன மாசக் காசு, பின் டயருக்கு மொத்தமாகக் காலி. கார் சுழலும். பெடல் மெத்துமெத்தென்று இருந்தால் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யவே முடியாது. அதனால் நல்ல பிரேக் என்பது நல்ல கியர் மாற்றத்துக்கும் அடித்தளம்.

எல்லாமே நேர்மையான வேலை என்றும் சொல்லிவிட முடியாது. கேமரோவின் உடம்பை ஆசிடில் முக்கித் தகட்டை மெலிதாக்கினார்கள். மெலிந்த கூரை அலை அலையாகத் தெரியக் கூடாதென்று மேலே வினைல் துணி ஒட்டினார்கள் என்பது ரேஸ் உலகில் பிரபலமான கதை. பெட்ரோல் ஊற்றும் தொட்டிக்கு எவ்வளவு உயரம் என்று விதிப்புத்தகம் சொல்லவில்லை என்பதால் கோபுரம் மாதிரி உயர்த்திக் கட்டினார்கள், பெட்ரோல் அருவியாகக் கொட்டியது. விதியை மீறுவதற்கும் விதியின் இடுக்கில் நுழைவதற்கும் நடுவில் அவர்கள் ரொம்ப நாள் நடந்தார்கள். 1975-ல் பால் வான் வால்கன்பர்குடன் சேர்ந்து எழுதிய தன் புத்தகத்துக்கு டோனஹ்யூ வைத்த பெயரே 'தி அன்ஃபேர் அட்வான்டேஜ்'. தோற்ற இடம், தப்பாகக் கணக்குப் போட்ட இடம் எல்லாவற்றையும் அதில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

1970-ல் டீம் ஷெவர்லேயை விட்டு ஏஎம்சி ஜாவ்லினுக்கு மாறியது, அடுத்த வருடம் அதையும் சாம்பியன் ஆக்கினார். 1972-ல் இந்தியானாபோலிஸ் 500 ஜெயித்தார். கடைசி 13 சுற்றுகள்தான் முன்னால் இருந்தார், ஆனால் சராசரி வேகம் மணிக்கு 262 கிலோமீட்டர். அந்த ரெக்கார்டு 1984 வரை நின்றது.

அதே வருட ஜூலை மாதம், போர்ஷே 917/10 டர்போவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது பின்பக்க பாடி முழுசாகப் பிய்ந்து பறந்தது. கார் உருண்டது. டோனஹ்யூவின் கால் நொறுங்கியது. பல மாதம் அவர் ஜெர்மனிக்குப் போய் வந்து, வைசாக்கில் போர்ஷே இன்ஜினியர்களோடு சேர்ந்து, ஸ்விட்ச் போட்ட மாதிரி திடீரென்று சீறும் அந்த டர்போ இன்ஜினை மனிதன் ஓட்டக்கூடியதாக மாற்றிக் கொடுத்திருந்தார். இப்போது அந்தக் காரில் ஜார்ஜ் ஃபால்மர் ஏறினார், சாம்பியனும் ஆனார். டோனஹ்யூ ஊன்றுகோலோடு பிட்டில் நின்று பார்த்தார். உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை இன்னொருத்தர் மேடையில் ஏறி டெமோ காட்டினால் எப்படி இருக்கும்? அதைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள்.

கால் தேறியதும் 1973 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடுக்குப் போனார். நாஸ்கார் ரேஸ், வளைந்து வளைந்து போகும் தடம், 500 மைல். அவர் ஓட்டியது ஏஎம்சி மாட்டடோர் என்ற பெட்டி மாதிரி ஒரு கார். அதுவரை நாஸ்காரில் ஏஎம்சி ஒரு ரேஸ்கூட ஜெயித்ததில்லை. நாஸ்கார்க்காரர்கள் பெரும்பாலும் நீள்வட்டத் தடத்தில் ஓடுகிறவர்கள், அங்கே பிரேக் அவ்வளவாகத் தேவைப்படாது. அவர்களிடம் இருந்தது டிரம். மாட்டடோரில் நான்கு சக்கரத்திலும் டிஸ்க். ரிவர்சைடின் பின்நேர் சாலை நீளமானது, முழு வேகத்தில் வந்து, அதன் முனையில் பலமாக மிதித்தாக வேண்டும். மணிக்கணக்கில் இதே கதை. மற்றவர்களின் பிரேக் சூடேறிச் சூடேறி மங்கியது. டோனஹ்யூ முதல் லேப்பில் மிதித்த இடத்திலேயே கடைசி லேப்பிலும் மிதித்தார். ஏஎம்சிக்கு முதல் நாஸ்கார் வெற்றி, பென்ஸ்கிக்கும் அதுதான் முதல்.

பிறகுதான் அந்த 917/30. 5.4 லிட்டர், 12 சிலிண்டர், இரண்டு டர்போ. பூஸ்ட்டைக் கூட்டிக் குறைக்க டிரைவர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு குமிழ். கியர் நான்குதான், இவ்வளவு முறுக்குவிசைக்கு ஐந்தாவது தேவைப்படவில்லை, இருக்கிற நான்கும் தடிமனாக இருந்தால்தான் தாங்கும். 1973 கேன்-ஆம் தொடரில் எட்டில் ஆறு ரேஸ் அவருக்கு. எல்லாரும் குதிரைத்திறனைப் பேசுகிறார்கள். 1978-ல் போர்ஷே 911 டர்போ 3.3 ரோட்டுக்கு வந்தபோது, அதன் துளையிட்ட டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் 917 வழி வந்தவை என்பதை யாராவது பேசுகிறார்களா?

அந்த சீசன் முடிந்ததும் நிறுத்திக்கொண்டார். 36 வயது. ஹேன்ஸ்கனில் ஆரம்பித்துக் கூட ஓட்டிய பலரைப் புதைத்தாகிவிட்டது. டீமின் நிர்வாகம் பார்க்க உட்கார்ந்தார். ஒரு வருடம்கூட முழுசாகத் தாங்கவில்லை. பென்ஸ்கி ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்தபோது, 1974 கடைசியில் டோனஹ்யூ மறுபடி ஹெல்மெட்டை எடுத்தார். ஏன் திரும்பினார் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊன்றுகோல் காட்சிதான் ஞாபகம் வருகிறது. ஆனால் ஃபார்முலா ஒன் அவருக்கு வளைந்து கொடுக்கவில்லை. கார் சரியில்லை, ஸ்கிட்பேடும் கணக்கும் இந்தத் தடவை கைகொடுக்கவில்லை, டீம் வேறு கம்பெனியின் காரை வாங்கி ஓட்டும் நிலைக்கு வந்தது.

1975 ஆகஸ்ட் 9. டாலடேகா தடத்தில் பழைய 917/30-ஐ எடுத்து, சராசரி மணிக்கு சுமார் 356 கிலோமீட்டரில் ஒரு சுற்று ஓட்டி உலக ரெக்கார்டு வைத்தார். எட்டு நாள் கழித்து ஆஸ்திரியா கிராண்ட் பிரீ. ரேஸ் நாள் காலை வார்ம்-அப்பில், வேகமான முதல் வளைவில் டயர் வெடித்தது. பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது சக்கரத்தைத்தான் நிறுத்தும், காரை நிறுத்துவது டயர். கார் தடுப்பு வலைகளைக் கிழித்துக்கொண்டு போனது. தடத்தில் பணியில் இருந்த ஒருவர் அந்த விபத்தில் இறந்தார். டோனஹ்யூ நினைவோடு இருந்தார், பேசினார். தலை வலிக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் தலைவலி அதிகமானது, மூளையில் ரத்தக்கசிவு. ஆகஸ்ட் 19-ல் கிராஸ் நகர மருத்துவமனையில் இறந்தார். வயது 38.

அவருடைய மகன் டேவிட்டுக்கு அப்போது எட்டு வயது. பையனும் பின்னாளில் ரேஸ் டிரைவர் ஆனார். 1969-ல் அப்பா டேடோனா 24 மணி நேர ரேஸை ஜெயித்திருந்தார். சரியாக 40 ஆண்டு கழித்து, 2009-ல், போர்ஷே இன்ஜின் பொருத்திய காரில் டேவிட் டோனஹ்யூ அதே ரேஸை ஜெயித்தார். இருபத்து நான்கு மணி நேரம் ஓடிய பிறகு, இரண்டாவது வந்தவருக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம் 0.167 விநாடி.